செம்பா, எஃகா?

தோட்டத்துக் கிராணி ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையில் மோட்டார் வண்டி செய்கிறான் என்றால், கேட்பவர் முதலில் சிரிப்பர், பிறகு, "எவ்வளவு செலவாயிற்று?" என்பர், அதன்பின், "கடையில் விற்கும் வண்டியை வாங்கிவிட்டால் போயிற்றே!" என்று புத்தி சொல்வர். இம்மூன்றையும் நான் மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். சிரித்தவர்மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால், "இந்த வண்டியில் எது கடினமான வேலை?" என்று ஒருவரேனும் கேட்டாரில்லை. கேட்டிருந்தால், இயந்திரமன்று, சக்கரமன்று, ஐந்து மீட்டர் நீளமுள்ள வெந்நீர்க் குழாயே என்று விடை சொல்லியிருப்பேன். அக்குழாயை எந்த உலோகத்தாற் செய்வது என்ற கேள்வி என் கல்வியையும் என் செருக்கையும் ஒருங்கே சோதித்தது. ஒரு பெரியவரின் கையையும் சுட்டது. ஆகையால் அதனை இங்கே எழுதத் துணிந்தேன்.

என் தந்தையாரும் கிராணியே. கிள்ளானுக்கு அடுத்துள்ள ஒரு தோட்டத்தில், பால்மரம் நின்ற காலத்திலும், அது வெட்டுண்டு செம்பனை எழுந்த காலத்திலும், செக்ரோல் எழுதியே ஆயுளைக் கழித்தவர். மேட்டிலே கிராணி வீடு, பள்ளத்திலே லயங்கள், இரண்டிற்கும் நடுவே தோட்டத்துப் பட்டறை. டிராக்டரும் லாரியும் பழுதுபார்க்கப்படும் அப்பட்டறையின் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதே பிள்ளைப் பருவத்தில் எனக்குத் திருவிழா. ஆனால் உள்ளே கால் வைக்க அனுமதியில்லை. "கிராணி வீட்டுப் பிள்ளை கையில் மசகு படலாமா?" என்பது தந்தையாரின் கேள்வி. அவர் கொடியவரல்லர், எவரையும் ஏசியறியார். ஆயினும் எழுதும் கை உயர்ந்தது, சம்மட்டி பிடிக்கும் கை தாழ்ந்தது என்னும் எண்ணம் அவர் தேடிப் பெற்றதன்று. ஊர்க்காற்றோடு கலந்து அவர் மூச்சில் புகுந்தது. சாதி ஒழிந்தது என்று மேடையில் முழங்குவோர் வீட்டிலும் அஃது இந்த வேறு உடையை உடுத்திக்கொண்டு வாழ்வதை நாம் காணாமலில்லை.

தந்தையார் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி, என்னைக் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸிலிருந்த அத்தை வீட்டில் தங்கவைத்து, ஆங்கில வழியிற் கற்பிக்கும் தனியார் பள்ளியொன்றிற் சேர்த்தார். செங்கற் சூளைகளாற் பெயர் பெற்று, இரயில்வேயால் வளர்ந்த ஊர் அது. 1886-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர், தண்டவாளம் போட்டவராயும், இயந்திரம் ஓட்டியவராயும், நிலையத்திற் கணக்கெழுதியவராயும் நம்மவர் பலர் அப்பாதையை ஒட்டிக் குடியேறினர். 1905-இல் செந்தூலில் இரயில்வேப் பட்டறை எழுந்தபோது அங்கே சம்மட்டி பிடித்த கைகளிலும் தமிழர் கைகள் பல. அத்தகைய ஊரில் வாழ்ந்தும் நான் கற்றது புத்தகத்தை மட்டுமே. வெப்பத்தை நன்கு கடத்தும் உலோகங்கள் யாவை என்று ஆசிரியர் கேட்டால், வெள்ளி, செம்பு, அலுமினியம், இரும்பு என்று வரிசை தவறாமல் ஒப்பிப்பேன். ஒரு செம்புக் குழாயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்ததில்லை.

படித்து முடித்து, நானும் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாகவே அமர்ந்தேன். தந்தையார் காலமான பிறகு, பிள்ளைப் பருவத்து ஆசை மீண்டும் தலையெடுத்தது. அதற்குத் தூண்டுகோலாய் இருந்தவர் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்து, பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியவர். பின்னர் மின்சார மோட்டார் முதலாகப் பல பொருள்களை உள்ளூரிலேயே செய்து காட்டியவர். 1952-இல் இருவர் அமரும் சிறு பெட்ரோல் வண்டியொன்றையும் அவர் செய்தார்; அரசாங்க உரிமம் கிடைக்காமையால் அத்தொழில் நின்றுபோயிற்று. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தே பெரும்பாலும் கற்ற ஒருவர் இவ்வளவு செய்திருக்க, பதினோராண்டு ஆங்கிலம் படித்த நான் ஒன்றேனும் செய்யலாகாதா என்று எண்ணினேன். எண்ணத்திலேயே குற்றம் இருந்ததென்பது பிறகு விளங்கிற்று. அவர் கை வழியாகக் கற்றார்; நான் கற்றதைக் கைமேல் சுமத்தப் பார்த்தேன்.

1985-இல் முதன்முதல் வெளிவந்த புரோட்டோன் சாகா வகையில், ஓடி ஓய்ந்த வண்டியொன்றின் இயந்திரம் கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையிற் கிடைத்தது. இருவர் அமரும் சிறு வண்டிக்கு இருக்கையின் பின்னே அதனைப் பொருத்துவதென்றும், குளிர்விக்கும் ரேடியேட்டரை முன்னே வைப்பதென்றும் முடிவு செய்தேன். பொதுச் சாலைக்கென்று செய்த வண்டியன்று அது. மேலாளரின் அனுமதியோடு தோட்டத்து மண் சாலையில் மட்டும் ஓட்டுவதற்கு. எனக்குத் துணையாக வந்தவர் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். பிள்ளைப் பருவத்தில் நான் வாசலில் நின்று பார்த்ததெல்லாம் அவர் கைவேலையைத்தான். இப்போது மகன் வீட்டில் கிள்ளான் நகரத்தில் வாழ்கிறார். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து மாலைவரை உழைப்பார். என் வயதுக்கு இரட்டிப்பானவர். எனினும் கிராணி மகனென்றும் கிராணியென்றும் என்னை "ஐயா" என்றே அழைப்பார். வேண்டாமென்று இரண்டொரு முறை சொன்னேன், அதற்குமேல் வற்புறுத்தினேனில்லை. அந்தச் சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது என்பதை ஒளிப்பானேன்?

இனிக் குழாயின் கதைக்கு வருவோம். பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்குக்குக் குறைவாகவே சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஏறத்தாழ ஒரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை நீர் ஏற்றுக்கொண்டு வெளியேற்ற வேண்டும். அங்ஙனம் வெளியேற்றாவிடில் இயந்திரத்தின் தலைப்பகுதி சில நிமிடங்களிற் கோணிவிடும். ஆதலின் பம்பு ஒன்று நீரை இயந்திரத்தினுள்ளே செலுத்துகிறது. சூடேறிய நீர் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்றில் ஆறித் திரும்புகிறது. சாதாரண வண்டியில் இரண்டும் அருகருகே இருப்பதால் இரண்டு சாண் ரப்பர் குழாயே போதும். என் வண்டியிலோ இயந்திரம் பின்னே, ரேடியேட்டர் முன்னே. போக இரண்டரை மீட்டர், வர இரண்டரை மீட்டர். இருக்கைக்கு அடியில், அமர்ந்திருப்பவர் காலுக்கு அருகே, கொதிநிலையை ஒட்டிய நீர் ஓட வேண்டும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தை அடைத்து வைப்பதால், அந்நீர் 100 டிகிரியைக் கடந்தும் ஆவியாகாமல் நிற்கும். அழுத்தம் திடீரென்று விடுபட்டால் அதிற் பெரும்பகுதி சீறி வெளியேறும். குழாய் என்பது அத்தனை விளையாட்டான பொருளன்று என்பதற்காக இதனைச் சொன்னேன்.

வீட்டுக் குழாய்களுக்கு வழங்கும் பி.வி.சி. குழாய் மலிவு, ஆனால் அது 60 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும், எண்பதை நெருங்கினால் இளகியே போகும். அதை முதலிலேயே தள்ளினோம். முழு நீளத்திற்கும் ரப்பர் குழாயே போடலாமென்றால், அது தொய்யும், சட்டத்தில் உராயும், வளைவில் மடங்கி நீரைத் தடுக்கும். எஞ்சியவை உலோகங்கள். அங்கேதான் எங்களுக்குள் கருத்து வேற்றுமை பிறந்தது.

பெரியவர் நாகம் பூசிய இரும்புக் குழாயே நல்லதென்றார். "தோட்டத்துத் தண்ணியெல்லாம் நாப்பது வருஷமா அதுலதானே ஓடுச்சுங்க, ஐயா? இன்னும் தோண்டினா அப்படியே இருக்கும்" என்றார். நான் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். மோட்டார் வண்டியில் வெறும் நீர் ஊற்றுவதில்லை. கிளைக்கால் என்னும் திரவத்தையும், துருவைத் தடுக்கும் உப்புகளையும் கலந்தே ஊற்ற வேண்டும். அக்கலவை துத்தநாகப் பூச்சோடு ஒத்துப்போவதில்லை; பூச்சு கரைந்து கசடாகி, ரேடியேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். இதைத் தமிழில் விளக்கிச் சொன்னதும், பெரியவர் சற்று யோசித்து, "அப்படின்னா அது வேணாங்க" என்று உடனே விட்டுக்கொடுத்தார். நாற்பதாண்டு நம்பிக்கையை ஒரு நல்ல காரணத்துக்காக ஒரே நிமிடத்தில் கைவிட்டதை நான் அப்போது என் வெற்றியென்று எண்ணினேன். அது அவருடைய பெருமையென்று எனக்குத் தோன்றவில்லை.

என் தேர்வு செம்பு. காரணம் எளிது. செம்பு, துருவேறா எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஐந்து மீட்டர் செம்புக் குழாய் வழியிலேயே நீரைக் குளிர்வித்துவிடும்; ரேடியேட்டருக்கு வேலை குறையும் என்று கணக்கிட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். "ஐயா, குழாயோட வேலை தண்ணியைக் கொண்டுபோய்ச் சேக்கிறது. ஆத்துறதுக்குத்தான் ரேடியேட்டர் இருக்கே. செம்பு மெத்து, நடுக்கம் தாங்காதுங்க" என்றார். நான் சிரித்தேன். வெப்பம் கடத்தலைப் பற்றிப் பரிசு பெற்றவனல்லவா! அவர் அதற்குமேற் பேசவில்லை. இருபத்தெட்டு மில்லிமீட்டர் செம்புக் குழாயை வாங்கி, முழங்கை போன்ற வளைவுத் துண்டுகளைப் பொருத்தி, ஈயப் பற்றாசு வைத்து நானே ஒட்டினேன். பற்றாசு உருகி இணைப்பினுள்ளே ஓடிப் பளபளத்து நின்றபோது எனக்கு உண்டான பூரிப்புக்கு அளவில்லை. இது நம் பள்ளத்தாக்கின் பொருளாயிற்றே! 1857-இல் வெள்ளீயம் தோண்ட வந்தோர் ஆற்றுச் சந்தியில் இறங்கியதால் அன்றோ கோலாலம்பூர் என்னும் நகரமே உண்டாயிற்று!

செம்புக் குழாயோடு வண்டி மூன்று மாதம் ஓடிற்று. அவசரத்தாலும் சிக்கனத்தாலும் கிளைக்கால் கலவைக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன். பெரியவருக்கு நாகப் பூச்சைப் பற்றி விரிவுரை நிகழ்த்திய நான், அதே பக்கத்தில் எழுதியிருந்ததை எனக்குப் பொருத்திக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தோட்டத்துச் சாலையில் இரண்டு சுற்றுச் சுற்றிவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினோம். இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. ஏதோ மெல்லிய சீறல் கேட்கிறதென்று பெரியவர் குனிந்து காதைக் கொடுத்தார். அதே கணத்தில், இயந்திரத்தை அடுத்திருந்த வளைவின் ஓரத்திற் செம்பு வாய் பிளந்தது. வெந்நீரும் ஆவியும் பீறிட்டு அவருடைய வலக்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடித்தன. முகத்தில் அடித்திருந்தால் என்னாகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்க முடியவில்லை. கொட்டகைக் குழாயைத் திறந்து, இருபது நிமிடம் கையை ஓடும் நீரிற் பிடிக்கச் செய்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வழி நெடுக அவர் பேசவில்லை. நான்தான், "தப்பு என்னுடையது, தப்பு என்னுடையது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "தப்பு இருக்கட்டுங்க, ஐயா. வண்டியை அணைச்சீங்களா?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, கட்டுப் போட்ட கையோடு வந்தார். இனி வரமாட்டாரென்றே நான் எண்ணியிருந்தேன். வந்தவர் நேரே போய், பிளந்த குழாயை எடுத்து வெளிச்சத்திற் பிடித்தார். "இரும்புக் கம்பியை முறிக்கணும்னா என்ன செய்வோம்? இப்படியும் அப்படியும் வளைச்சு வளைச்சு முறிப்போம். அதுதான் இது" என்றார். அப்போதுதான் புத்தகத்தில் நான் தாண்டிச் சென்ற பக்கங்கள் விளங்கின. பற்றவைக்கும்போது பட்ட சூட்டினால் அவ்விடத்துச் செம்பு இளகி மென்மையாயிற்று. குழாயை நான் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தேன். இயந்திரமோ தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஓயாது ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் முழுவதும் ஒரே வளைவில் வந்து விழுந்தது. ஆட ஆடச் செம்பு இறுகி, இறுகியபின் வெடித்தது. நடுக்கம் தாங்காது என்று அவர் மூன்றே சொல்லிற் சொன்னது இதுவே.

வெப்பக் கணக்கும் தவறென்று கண்டேன். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. அந்தச் சிறு தூரத்தைக் கடப்பதற்குச் செம்பானாலென்ன, எஃகானாலென்ன, வெப்பத்திற்குத் தடை சொற்பமே. பெருந்தடை குழாயின் வெளிப்புறத்தில், அதனை ஒட்டி நிற்கும் காற்றில் இருக்கிறது. அந்தத் தடையை வெல்வதற்காகவே ரேடியேட்டரில் நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகளை அடுக்கிக் காற்றுக்குப் பரப்பைக் காட்டுகிறார்கள். மொழுக்கென்ற குழாய், செம்பாயினும் பொன்னாயினும், நீரைக் குறிப்பிடத்தக்க அளவு ஆற்றாது. பட்டியலிலுள்ள எண் சரியானதுதான்; கேட்ட கேள்விதான் சரியில்லை. எண்ணை மனப்பாடம் செய்வது கல்வியாகிவிட்டால் இத்தகைய பிழை எவருக்கும் நேரும்.

இதனோடும் முடியவில்லை. இயந்திரத்தின் தலைப்பகுதி அலுமினியம். அதன் நீர்வாயிலைக் கழற்றிப் பார்த்தபோது, வெண்ணிறத் தூள் படிந்து, ஊசியாற் குத்தினாற்போலக் குழிகள் விழுந்திருந்தன. வெறும் நீரிற் செம்பு மிகச் சிறிதளவு கரைந்து, ஓடிப் போய் அலுமினியத்தின்மேற் படிகிறது. படிந்த இடத்தில் இரண்டு உலோகங்களும் நீரும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியத்தை அரிக்கின்றன. குழாய் வெடிக்காதிருந்தாலும், என் செம்பு இயந்திரத்தையே மெல்லத் தின்றிருக்கும்.

உலோகங்கள் தம்முள் இவ்வாறு பகைப்பதை மக்கள் அறிந்த கதை சுவையானது. 1761-இல் ஆங்கிலக் கடற்படையார் 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பக்கத்தை, மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அஞ்சிச் செம்புத் தகட்டாற் போர்த்தினர். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்த் திரும்பிய அக்கப்பலை 1763-இற் சோதித்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்து கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதியனபோல் இருந்தன. காரணம், செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களிற் கிழிபடாமல் இடையே தங்கியிருந்ததே! கால்வானியும் வோல்ட்டாவும் மின்சாரத்தின் இந்த இயல்பை விளக்குவதற்குப் பல்லாண்டு முன்னமே, ஒரு காகிதத் துண்டு அதனைக் காட்டிவிட்டது. பார்த்தவர் காரணம் அறியாவிடினும், செம்பும் இரும்பும் தொடலாகாது என்று எழுதி வைத்தனர். கண்ணால் கண்டதை மதித்தமையால் வந்த அறிவு அது.

இரண்டாம் முறை தேர்வு செய்தபோது நாங்கள் இருவருமே செய்தோம். எஞ்சியவை அலுமினியமும் துருவேறா எஃகும். அலுமினியம் நல்ல பொருள், இயந்திரத்தின் தலையோடு ஒத்துப்போகும், எடையும் குறைவு. ஐந்து மீட்டருக்கு இரண்டு கிலோவுக்குள் அடங்கும். எஃகோ ஐந்தே முக்கால் கிலோவாகும். ஆயினும் மெல்லிய அலுமினியக் குழாயை வெல்டிங் செய்யத் தனித் தேர்ச்சி வேண்டும். கல் தெறித்தால் நசுங்கும். பெரியவரின் ஓட்டு எஃகுக்கு. ஒரு சீனத் தவுக்கேயின் கடையில், கலைக்கப்பட்ட உணவுத் தொழிற்சாலையொன்றின் துருவேறா எஃகுக் குழாய்கள் கிடந்தன. முப்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் கனம். தவுக்கே எண்பது வெள்ளி கேட்டார். பெரியவர் மலாயில் நயமாகப் பேசி ஐம்பதுக்கு முடித்தார். ஆர்கன் வாயுவைப் பாய்ச்சி வெல்டிங் செய்வதை அவர் பழகிய ஒருவர் செய்துகொடுத்தார்.

இம்முறை குழாயை நான் இறுக்கிக் கட்டவில்லை. இரண்டரை மீட்டர் எஃகு, 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏறினால், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளும். நீள இடம் கொடாமற் கட்டினால் அது கட்டையோ தன்னையோ முறிக்கும். ஆதலால் சட்டத்தில் ரப்பர் பதித்த வளையங்களுக்குள் குழாயை நகர விட்டோம். இரு முனைகளிலும் இயந்திரத்தையும் ரேடியேட்டரையும் தொடாதபடி நிறுத்தி, இடையே ஒரு சாண் ரப்பர் குழாய் போட்டோம். அந்த ரப்பர் இயந்திரத்தின் ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. கப்பலில் இருந்த பழுப்புக் காகிதம்போல், உலோகமும் உலோகமும் தொடாமற் காக்கிறது. ரப்பர் நழுவாதிருக்கக் குழாயின் ஓரத்தில் சிறு மேடு எழுப்பிப் பட்டி போட்டோம். குழாயில் மட்டும் மூன்றேகால் லிட்டருக்கு மேல் நீர் நிற்பதால், காற்று அடைபட்டு நீரோட்டம் நிற்காதபடி, உயர்ந்த இடத்தில் காற்றுப் போக்கும் திருகு ஒன்று வைத்தோம். காய்ச்சி வடித்த நீரில் கிளைக்கால் கலவையை அளந்து ஊற்றினோம். இரண்டு ஆண்டுக்கொருமுறை அதனை மாற்ற வேண்டுமென்று தேதியையும் மூடியருகே எழுதி ஒட்டினோம்.

ரப்பரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் பாட்டன்மார் பனியிலும் கொசுக்கடியிலும் எடுத்த பால், உலகத்து மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் காலாயிற்று. ஆகையால் இந்தக் குழாயும் நம் பாலாற் செய்ததாயிருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். ஆராய்ந்தபோது அஃது ஆகாதென்று தெரிந்தது. இயற்கை ரப்பரின் அணுச்சங்கிலியில், எளிதில் தாக்கப்படும் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. நாள்தோறும் வெந்நீரும் காற்றும் பட்டால் அது வெடித்துப் போகும். இக்காலத்து ரேடியேட்டர் குழாய்கள், 1960-களில் பரவிய ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பராற் செய்யப்படுகின்றன. ஆனால் ஓயாது ஆடும் இயந்திரத்தைத் தாங்குவதற்கும், இறங்கும் விமானத்தின் பாரத்தைச் சுமக்கும் சக்கரத்திற்கும் நம் பாலின் ரப்பரே சிறந்தது. என் வண்டியின் இயந்திரமும் அதன்மேல்தான் அமர்ந்திருக்கிறது.

எதற்கும் அதனதன் இடமுண்டு என்ற இந்தச் செய்தியைக் கேட்டு வருணாசிரமம் பேசுவோர் மகிழ வேண்டா. செம்பை நாங்கள் விலக்கியது அது எந்தச் சுரங்கத்திற் பிறந்தது என்று கேட்டன்று. சூட்டிலும் நடுக்கத்திலும் வைத்துச் சோதித்துப் பார்த்து விலக்கினோம். மனிதரை மட்டும் சோதித்துப் பாராமலே இவன் எழுதப் பிறந்தவன், இவன் சம்மட்டி பிடிக்கப் பிறந்தவன் என்று பிரித்து வைத்தோம். அவ்வாறு பிரித்ததால் எழுதுகிறவனுக்குக் கை போயிற்று; உழைக்கிறவனுக்குப் புத்தகம் போயிற்று. நாகக் குழாயின் கேடு பெரியவருக்குத் தெரியாமற் போனதற்குக் காரணம் அவருடைய அறிவுக் குறைவன்று. அதனைச் சொல்லும் புத்தகம் அவர் மொழியில் அவர் கைக்கு எட்டாததே. செம்பின் கேடு எனக்குத் தெரியாமற் போனதற்கும் காரணம் புத்தகக் குறைவன்று. பட்டறை வாசலில் என்னைத் தடுத்து நிறுத்திய அந்தக் கோடே.

எஃகுக் குழாய் பொருத்திய வண்டியை முதன்முதல் ஓட்டிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். செம்பனை வரிசைகளினூடே ஒரு மணி நேரம் ஓட்டினோம். வெப்பம் காட்டும் முள் ஓரிடத்தில் நின்றது நின்றபடியே இருந்தது. கொட்டகைக்குத் திரும்பியதும், மகிழ்ச்சி மிகுதியால் நீரின் அளவைப் பார்க்கவேண்டி ரேடியேட்டரின் மூடிமேற் கை வைத்தேன். "தம்பி!" என்று ஒரு கூச்சல். பெரியவர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பற்றினார். சூடான மூடியைத் திறக்கலாகாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்ததைக் கை மறந்திருந்தது. "ஆறட்டும், தம்பி. ஒரு அரை மணி நேரம் உக்காருவோம்" என்றார். அவருடைய வலக்கையில் வெந்த தோல் உரிந்து வெளுத்த தழும்பு என் கைமேற் பட்டுக்கொண்டிருந்தது. "சரி, மாமா" என்றேன். அன்று முதல் எங்களுக்குள் அந்த இரண்டு சொற்களே வழங்குகின்றன, யாரும் வற்புறுத்தவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் வண்டி வேலை முடிந்தபின் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து உட்காருகிறோம். அவர் தம் முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தைச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் புத்தகத்திலுள்ளதை நான் தமிழிற் சொல்லச் சொல்ல, அவர் இதனை ஒத்துக்கொள்ளலாம், இதனைச் செய்து பார்த்த பிறகே ஒத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புக் கூறுகிறார். என் ஒன்பது வயது மகள் அருகிலிருந்து ஸ்பானர்களை அளவு பார்த்து எடுத்துத் தருகிறாள். அவள் கையில் மசகு இருக்கிறது. அவள் தாத்தா இருந்திருந்தால் முதலில் முகம் சுளித்திருப்பார். பிறகு, வண்டியில் ஒரு சுற்றுப் போகலாமா என்று அவரும் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன்.

தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள என் இளம் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. படியுங்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் படித்ததை நம்புவதற்கு முன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்த்தவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரைத் தேடிப் போய், அவர் வேண்டாமென்று சொல்வதற்குக் காரணம் என்னவென்று பொறுமையோடு கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு கை வெந்திராது.